படப்பெட்டிகள் போன வழி: ‘டாக்டர் ஹூ’ தொடரின் வெளிநாட்டு ஒளிபரப்பு வரலாறு

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ அறிபுனைத் தொடரின் முதல் ஆறு பருவங்களில், அதாவது வில்லியம் ஹார்ட்னெல்லும் அவருக்குப் பின் பாட்ரிக் டிரௌட்டனும் கதாநாயகனான ‘டாக்டராக’ நடித்த காலத்தில், மொத்தம் 253 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. அவை பதிவான வீடியோ நாடாக்களில் ஒன்றுகூட இன்று இல்லை. எடுத்த நிறுவனமே அவற்றை அழித்துவிட்டது. அப்படியிருந்தும் அந்த அத்தியாயங்களில் பெரும்பகுதியை இன்று பார்க்க முடிகிறது என்றால், அதற்கு முதல் காரணம் அவற்றை வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த படச்சுருள்கள்தாம். ஒரு தொலைக்காட்சித் தொடரின் வெளிநாட்டு விற்பனையை அதன் புகழுக்கு அளவுகோலாகக் காட்டுவது வழக்கம்; எத்தனை நாடுகள் வாங்கின, எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ‘டாக்டர் ஹூ’வைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பாதிக் கதைதான். எந்த நாடு வாங்கியது, வாங்கிய பிரதியை என்ன செய்தது, யார் விதிப்படி திருப்பி அனுப்பினார்கள், யார் மறந்து அலமாரியில் போட்டார்கள் என்பதே இந்தத் தொடரில் எது பிழைத்தது, எது போனது என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் தொழில்நுட்பம். அன்றைய பிபிசி நிகழ்ச்சிகள் 2 அங்குல அகலமுள்ள வீடியோ நாடாவில் பதிவாயின. அந்த நாடா விலை மிகுந்தது. அதே சமயம் அழித்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தக்கூடியது. பிரிட்டனில் அப்போது படம் 405 கிடைவரிகளில் ஒளிபரப்பானது. ஆஸ்திரேலியாவில் 625 வரிகள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 525. ஒரு நாட்டு நாடாவை மற்றொரு நாட்டின் கருவியில் அப்படியே ஓட்ட முடியாது. பல சிறிய நிலையங்களில் நாடாக் கருவியே கிடையாது. ஆனால் திரைப்படச் சுருளை ஓட்டும் கருவி இல்லாத தொலைக்காட்சி நிலையம் உலகில் எங்கும் இல்லை. ஆகவே நாடாவை ஓடவிட்டு, அதைக் காட்டும் திரைக்கு எதிரே அதற்கெனவே இசைவிக்கப்பட்ட படக்கருவியை நிறுத்தி, 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளில் மறுபதிவு எடுத்தார்கள். நுண்விவரம் கொஞ்சம் போகும், அசைவின் வழவழப்பு குறையும். ஆனால் அந்தச் சுருள் எந்த ஊரிலும் ஓடும். இந்தச் சுருள்களை எடுப்பித்து விற்கும் வேலை பிபிசி என்டர்பிரைசஸ் என்ற வணிகப் பிரிவினுடையது. நாடாவைக் காத்து வைப்பது ஒரு துறை, சுருளைக் காத்து வைப்பது இன்னொரு துறை என்ற இந்தப் பிரிவினையே பிற்பாடு நேர்ந்ததற்கெல்லாம் அடிப்படை. நாடாத் துறையார், ‘சுருள்தான் அவர்களிடம் இருக்கிறதே’ என்று அழித்தார்கள். சுருள் துறையார், ‘மூலம்தான் அவர்களிடம் இருக்குமே’ என்று எரித்தார்கள்.

விற்பனை முறையும் கவனிக்கத்தக்கது. ஒரு நாடு வாங்கியது சுருளை அல்ல, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் குறிப்பிட்ட தடவை ஒளிபரப்பும் உரிமையை. உரிமைக் காலம் முடிந்ததும் சுருளை லண்டனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டு அழித்ததற்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், அல்லது பிபிசி சொல்லும் அடுத்த நாட்டு நிலையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். நம்மூரில் ஒரே படப்பெட்டியைச் சைக்கிளில் ஏற்றி ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்கு ஓட்டிய காலம் உண்டல்லவா? அதே ஏற்பாடுதான், கண்டங்களுக்கிடையே. புதுப் பிரதி எடுக்கும் செலவு மிச்சம் என்பதால், குறைந்த விலை கொடுக்கும் சிறிய நிலையங்களுக்குப் பெரும்பாலும் இப்படிக் கைமாறி வந்த, கீறல் விழுந்த பிரதிகளே போய்ச் சேர்ந்தன.

முதலில் ஒளிபரப்பியது நியூசிலாந்து. 1964 செப்டம்பர் 18 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரில் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. நகரங்களை இணைக்கும் வலையமைப்பு அன்று அங்கே இல்லை. ஆகவே நாட்டுக்குள்ளேயே ஒரே சுருள் நிலையம் நிலையமாகப் போய்வந்தது. 1965 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொடங்கியது. அதே மாதம் கனடாவின் சிபிசியும் தொடங்கியது. கனடா முதல் 26 அத்தியாயங்களோடு நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டுகளில் சிங்கப்பூர், ஹாங்காங், நைஜீரியா, சைப்ரஸ், ஜிப்ரால்டர், ஜாம்பியா என்று பட்டியல் நீண்டது. மேற்காசிய நிலையங்களுக்காக அரபு மொழியிலும், மெக்சிகோவுக்காக ஸ்பானிய மொழியிலும் ஹார்ட்னெல் காலக் கதைகளுக்குக் குரல் சேர்த்தார்கள். பிரிட்டனில் சனிக்கிழமை மாலைக் குடும்ப நிகழ்ச்சியாக இருந்தது, வாங்கிய ஊரில் எந்தக் கிழமையில், எந்த நேரத்தில், எத்தனை ஆண்டு தாமதத்தில் வரும் என்பதற்கு ஒரு வரையறையும் கிடையாது.

பல நாடுகளுக்கு விற்றிருந்தால் எங்காவது ஒரு பிரதி தங்கியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ‘மார்கோ போலோ’ அந்த எண்ணத்தை மறுக்கிறது. 1964 தொடக்கத்தில் ஒளிபரப்பான இந்த ஏழு அத்தியாயக் கதையின் பெரும்பகுதியை இயக்கியவர், தொடரின் முதல் கதையை இயக்கியவரும் லக்னோவில் பிறந்தவருமான வாரிஸ் ஹுசைன். மத்திய ஆசியப் பாலைகளைத் தாண்டி குப்ளாய் கானின் அரண்மனை வரை செல்லும் கதை. அரங்க அமைப்பும் உடைகளும் அன்றைய பிபிசியின் சிறந்த வேலைப்பாடு. கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங், நைஜீரியா என்று மிகப் பரவலாக விற்பனையான கதைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அதன் ஏழு அத்தியாயங்களில் ஒன்றுகூடத் தங்கவில்லை. வீட்டில் தொலைக்காட்சியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ரசிகர்கள் பிடித்த ஒலியும் சில நிழற்படங்களுமே மிச்சம். வாங்கிய நாடுகள் எல்லாம் ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றியிருக்கின்றன என்பதே இதன் பொருள்.

ஆயினும் மொத்தக் கணக்கில் விற்பனைக்கும் எஞ்சியதற்கும் தொடர்பு தெளிவாகவே தெரிகிறது. முதல் இரண்டு பருவங்களின் 81 அத்தியாயங்கள் பரவலாகவும், நீண்ட காலத்துக்கும் விற்பனையில் இருந்தவை. 2013 நிலவரப்படி அவற்றில் கிடைக்காதவை 11 மட்டுமே. அந்த 11-இலும் ஏழு ‘மார்கோ போலோ’வுக்குரியவை. டிரௌட்டன் காலக் கதைகளை வாங்கிய நாடுகள் குறைவு; எடுத்த பிரதிகளும் குறைவு. அவருடைய 119 அத்தியாயங்களில் 53 அப்போது இல்லை. ஹார்ட்னெல் விலகி டிரௌட்டன் வந்த நான்காம் பருவத்தில் முழுமையாக எஞ்சிய கதை ஒன்றுகூடக் கிடையாது. 1967-இல் தொடங்கிய நாடா அழிப்பு 1970-களின் நடுப்பகுதிக்குள் 1960-களின் அத்தியாயங்கள் அனைத்தையும் விழுங்கிவிட்டது. நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தன. வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு கறுப்பு வெள்ளைக்கு விலை இல்லை. வீட்டு வீடியோ என்ற சந்தையை யாரும் கனவிலும் காணவில்லை. அன்றைய கணக்கில் அது பைத்தியக்காரத்தனம் அல்ல, சாதாரண நிர்வாகம். உரிமைக் காலம் முடிந்த சுருள்களை என்டர்பிரைசஸும் 1970-களில் வரிசையாக அழித்துவந்தது. 1978-இல்தான் இது நின்றது. இயன் லெவின் என்ற ரசிகர் உள்ளே நுழைந்து தேடியபோது, டாக்டரின் எதிரிகளான டாலெக்குகள் முதன்முதலில் தோன்றும் கதையின் ஏழு அத்தியாயங்களும் அழிப்புக்கென்று கட்டி வைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டில் சூ மால்டன் என்பவரைப் பிபிசி எவற்றைக் காத்து வைப்பது என்று முடிவுசெய்யும் தன் முதல் ஆவணத் தேர்வாளராக நியமித்தது.

வெளிநாட்டு விற்பனையில் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தனி இடம் உண்டு. அது பெரிய வாடிக்கையாளர். அது வாங்கினால் அந்தப் பிரதிகள் பிற நாடுகளுக்கும் பயன்படும். அது மறுத்தால் விற்பனையே ஆட்டம் காணும். ‘தி டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்’ என்ற பன்னிரண்டு அத்தியாய நெடுங்கதைக்கு நேர்ந்தது அதுதான். வன்முறை மிகுதி என்று ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் அதை ஏற்கவில்லை. அதன் பிறகு வேறு நாடு எதுவும் வாங்கவும் இல்லை. எனவே அந்தக் கதையில் மீண்டவை வெளிநாட்டு நிலையங்களிலிருந்து வந்தவை அல்ல. 1983-இல் லண்டனில் ஒரு மார்மன் தேவாலயக் கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு அத்தியாயங்கள் கிடைத்தன. 2004-இல் முன்னாள் பிபிசி பொறியாளர் ஒருவர் தம்மிடமிருந்த இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

அதே தணிக்கைத்துறை வேறொரு வகையில் கைகொடுத்ததுதான் இந்த வரலாற்றின் வேடிக்கை. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் காட்டத் தகாதது என்று கருதியவற்றைத் தணிக்கையாளர்கள் சுருளிலிருந்து கத்தரியால் வெட்டி எடுத்தார்கள்; வெட்டிய துண்டை அரசு ஆவணமாகக் கோப்பில் சேர்த்தார்கள். வெட்டுப்பட்ட சுருள்கள் ஒப்பந்தப்படி அழிந்தன. வெட்டிய துண்டுகள் அரசு விதிப்படி பத்திரமாக இருந்தன. 1996-இல் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ரசிகர் ஒருவர் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார். 2002-இல் நியூசிலாந்திலும் இப்படிப்பட்ட துண்டுகள் கிடைத்தன. ‘ஃபியூரி ஃப்ரம் த டீப்’ கதையின் ஆறு அத்தியாயங்களும் போய்விட்டன. ஆனால் பணியாளர் உடையணிந்த ஓக், குவில் என்ற இருவர் ஒரு பெண்ணின் படுக்கையறைக்குள் வந்து, மெல்லத் திரும்பி, வாயை அகலத் திறந்து நச்சுக் காற்றை ஊதும் காட்சி அப்படியே இருக்கிறது. ஒல்லியானவரின் முகம் திரையை நிறைக்கும் அந்தச் சில நொடிகளைப் பார்த்தால், தணிக்கையாளர் ஏன் கத்தரியை எடுத்தார் என்பதும் புரியும், அந்தக் கதையைப் பார்த்த குழந்தைகள் ஏன் ஐம்பது ஆண்டுகளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் புரியும். ‘தி ஸ்மக்லர்ஸ்’ போன்ற கதைகளிலும் இதே நிலை: கதை இல்லை, அதில் வரும் கொலைகள் மட்டும் இருக்கின்றன. காட்டக் கூடாதவை என்று ஒதுக்கியவற்றை மட்டும் வைத்து ஒரு தொடரைப் பார்க்க நேர்வது வேறெங்கும் எளிதில் வாய்க்காத அனுபவம்.

தேடலின் முதல் பெரிய பலன் 1980-களின் நடுவில் வந்தது. நைஜீரியாவிலிருந்து ‘தி டைம் மெட்லர்’, ‘தி வார் மெஷின்ஸ்’ கதைகளின் சுருள்களும், சைப்ரஸிலிருந்து ‘தி ரெய்ன் ஆஃப் டெரர்’ அத்தியாயங்களும் மீண்டன. ‘தி டைம் மெட்லர்’ இறுதி அத்தியாயத்தில் கத்திக்குத்துக் காட்சியின் ஏறத்தாழ 12 நொடிகள் ஒளிபரப்பிய ஊரிலேயே வெட்டப்பட்டிருந்ததால், அந்த இடத்தில் இன்றும் ஒலி மட்டுமே உள்ளது. 1991 இறுதியில் ஹாங்காங்கின் ஏஷியா டெலிவிஷன் நிலையத்திலிருந்து ‘தி டூம் ஆஃப் த சைபர்மென்’ நான்கு அத்தியாயங்களும் ஒருசேரக் கிடைத்தன. உறைந்த கல்லறை அறைகளைக் கிழித்துக்கொண்டு, பாதி எந்திரமாக மாறிய சைபர்மேன்கள் வெளிவரும் காட்சியை நினைவிலிருந்து மட்டுமே சொல்லி வந்த தலைமுறை, 1992-இல் வீடியோ கேசட்டாக அதை வாங்கிப் பார்த்தது. 1999 தொடக்கத்தில் ‘தி குருசேட்’ கதையின் முதல் அத்தியாயம் நியூசிலாந்தில் வெளிப்பட்டது. தன்னிடம் இருப்பது அரிய பொருள் என்று அறியாமலே ஒரு சேகரிப்பாளர் அந்தச் சுருளைப் பழைய படச்சுருள் விற்பனை ஒன்றில் வாங்கி வைத்திருந்தார்.

எல்லாவற்றிலும் பெரியது 2013-இல் அறிவிக்கப்பட்டது. தொலைக்காட்சி ஆவணத் தேடலையே தொழிலாகக் கொண்ட பிலிப் மாரிஸ், நைஜீரியாவின் ஜோஸ் நகரில் உள்ள ஒரு நிலையத்தின் சேமிப்பு அறையில், தூசி படிந்த பெட்டிகளின் ஒட்டுநாடாவில் தொடரின் பெயர் எழுதியிருப்பதைக் கண்டார். ‘தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்’ கதையில் இல்லாமல் இருந்த ஐந்து அத்தியாயங்களும் ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையின் நான்கு அத்தியாயங்களும் அங்கிருந்து வந்தன. இதனால் இல்லாதவற்றின் எண்ணிக்கை 106-இலிருந்து 97 ஆனது. ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ மூன்றாம் அத்தியாயமும் முதலில் அங்கே இருந்ததாகவும், சுருள்களை அனுப்பும் நேரத்துக்குள் அது மறைந்துவிட்டதாகவும் மாரிஸ் பின்னர் சொன்னார். பிற்பாடு லெத்பிரிட்ஜ்-ஸ்டுவர்ட் என்ற அதிகாரியாகத் தொடரில் பல ஆண்டுகள் நிலைக்கப்போகும் பாத்திரம் அறிமுகமாவது அந்த அத்தியாயத்தில்தான் என்பதால், பலர் அந்த இழப்பைத் தற்செயல் என்று நம்பவில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிலைமை புலப்படுகிறது. பெரிய பணம் கொடுத்து, முதலில் வாங்கி, கணக்கு வைத்துத் திருப்பி அனுப்பிய நாடுகளிலிருந்து முழு அத்தியாயம் அரிதாகவே கிடைத்தது. சங்கிலியின் கடைசியில் நின்ற, அடுத்து யாருக்கு அனுப்புவது என்று லண்டன் சொல்லாமல் விட்ட, கப்பல் கூலி கொடுத்துத் திருப்பி வாங்க ஒருவரும் கவலைப்படாத நிலையங்களே பொக்கிஷமாயின. நைஜீரியாவை ஏதோ பின்தங்கிய இடத்தின் அதிசயமாகச் சில பிரிட்டிஷ் செய்திகள் அன்று எழுதியது பொருத்தமற்றது. அழிக்கச் சொன்னதும் லண்டன், கேட்க மறந்ததும் லண்டன்.

1970-இல் ஜான் பெர்ட்வீ டாக்டரானபோது தொடர் வண்ணத்துக்கு மாறியது. ஆனால் வாங்கும் நாடுகள் பலவற்றில் இன்னும் கறுப்பு வெள்ளைதான். ஆஸ்திரேலியாவில் முழு அளவில் வண்ணம் வந்தது 1975-இல். ஆகவே அவற்றுக்கு வழக்கம்போல 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருள்கள் போயின. பிறகு வண்ண நாடாக்களும் அழிக்கப்பட்டபோது, பெர்ட்வீயின் பல கதைகள் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எஞ்சின. அவற்றுக்கு நிறம் திரும்பியதும் வெளிநாட்டு வழியாகத்தான். கனடாவிலிருந்து 525 வரி வண்ண நாடாக்கள் சில 1980-களின் தொடக்கத்தில் திரும்பி வந்தன. அமெரிக்க ஒளிபரப்பை ரசிகர் ஒருவர் வீட்டுக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அந்தப் பதிவு மங்கலானது, ஆனால் நிறம் இருந்தது. கறுப்பு வெள்ளைச் சுருளின் கூர்மையையும் கேசட்டின் நிறத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ‘தி டீமன்ஸ்’ கதையை மீட்டார்கள். 1992-இல் பிபிசி அதை ஒளிபரப்பியது. நிறத்தில் தெளிவு குறைந்தாலும் மனிதக் கண் பொறுத்துக்கொள்ளும். வடிவத்தில் குறைந்தால்தான் கண் உறுத்தும் என்பதால் இது சாத்தியமாயிற்று.

அதைவிட நுட்பமானது பின்னால் வந்தது. வண்ண நாடாவைக் கறுப்பு வெள்ளைச் சுருளில் மறுபதிவு எடுக்கும்போது, நிறத்துக்குரிய மின்குறியை வடிகட்டி நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் படத்தின் மேல் மிக நுண்ணிய புள்ளிகள் படரும். பல தடவை அந்த வடிகட்டியைப் போடாமலே பதிவு எடுத்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாகப் பழுது என்று கருதப்பட்ட அந்தப் புள்ளிகளுக்குள் நிறத்தின் தகவல் முழுதும் ஒளிந்திருக்கிறது என்பதைப் பிபிசியின் ஜேம்ஸ் இன்செல் முன்வைத்தார். அதைப் பிரித்தெடுக்கும் கணினி நிரலை ரிச்சர்ட் ரசல் எழுதினார். ‘பிளானெட் ஆஃப் த டாலெக்ஸ்’ மூன்றாம் அத்தியாயத்தில் தொடங்கிய இம்முறை, 2013-இல் ‘தி மைண்ட் ஆஃப் ஈவில்’ கதையின் ஐந்து அத்தியாயங்களுக்கு வண்ணம் கொடுத்தது. முதல் அத்தியாயத்தில் மட்டும் புள்ளிகள் இல்லை. அன்றைக்கு வேலை பார்த்தவர் விதிப்படி வடிகட்டியைப் போட்டுவிட்டார் போலும்! அதற்குக் கையால் நிறம் தீட்ட வேண்டியதாயிற்று.

அமெரிக்கா இந்த வரலாற்றில் தாமதமாக வந்த விருந்தாளி. 1972-இல் டைம்-லைஃப் நிறுவனம் பெர்ட்வீயின் 13 கதைகளை, 72 அத்தியாயங்களாக, உள்ளூர் வணிக நிலையங்களுக்கு விற்றது. வாரம் ஐந்து நாளும் ஓட்டும் அந்நிலையங்களின் பசிக்கு 72 போதவில்லை. பெரிய வரவேற்பும் இல்லை. 1978-இல் அடுத்த டாக்டரான டாம் பேக்கர் நடித்த முதல் நான்கு பருவங்கள், 98 அத்தியாயங்கள், வந்து சேர்ந்தன. விளம்பரத்துக்கு இடம் வேண்டி ஒவ்வொரு அத்தியாயத்திலும் சில நிமிடங்களை வெட்டி, நடிகர் ஹோவர்ட் டா சில்வாவின் குரலில் முன்கதைச் சுருக்கமும் அடுத்து வருவதன் முன்னோட்டமும் சேர்த்தார்கள். டாக்டர் ஆபத்தில் சிக்கி அத்தியாயம் முடியும் தறுவாயில், தப்பிப்பார் என்று தெரிவிக்கும் தொனியில் ஒரு குரல் பேசினால் எப்படியிருக்கும்? தொடருக்கு உண்மையான வாழ்வு கிடைத்தது வணிக நிலையங்களில் அல்ல, நேயர்களின் நன்கொடையில் நடக்கும் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களில். அவை ஒரு கதையின் நான்கு அத்தியாயங்களை ஒன்றாகத் தைத்து ஒன்றரை மணி நேரப் படமாக வார இறுதி இரவுகளில் காட்டின. நன்கொடை திரட்டும் இரவுகளில் ரசிகர்களே தொலைபேசிகளுக்கு முன் அமர்ந்தார்கள்.

கனடாவில் 1976-இல் தொடங்கி 1991 வரை இத்தொடரைக் காட்டிய டிவி ஒன்டாரியோ கல்வித் தொலைக்காட்சி. வெறும் பொழுதுபோக்கைக் காட்ட அதற்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது. ஆகவே எதிர்காலவியல் அறிஞர் ஜிம் டேட்டரும், பின்னர் அறிபுனை எழுத்தாளர் ஜூடித் மெரிலும் அத்தியாயத்தின் ஓரங்களில் தோன்றி, கதையில் வந்த கருத்துகளின் அறிவியலையும் சமூகப் பொருளையும் விளக்கினார்கள். மெரில் நிகழ்ச்சியைக் கிண்டலும் செய்வார். ஒரே அத்தியாயம் நியூயார்க்கில் சோப்பு விளம்பரத்துக்காக வெட்டுப்பட்டும், டொரான்டோவில் பாடமாகவும் காட்டப்பட்ட காலம் அது.

இந்த நெருக்கத்தின் விளைவாக வரிசை சில சமயம் தலைகீழானது. இருபதாம் ஆண்டுச் சிறப்புக் கதையான ‘தி ஃபைவ் டாக்டர்ஸ்’ 1983 நவம்பர் 23 அன்று, தொடர் பிறந்த நாளிலேயே, சிகாகோ உள்ளிட்ட அமெரிக்க நகரங்களில் ஒளிபரப்பானது. பிரிட்டன் நேயர்கள் இரண்டு நாள் கழித்து, 25 அன்று பார்த்தார்கள். 1988-இல் ‘சில்வர் நெமிசிஸ்’ கதையின் இறுதி இரண்டு அத்தியாயங்களை நியூசிலாந்து பிரிட்டனுக்கு முன்பே காட்டியது. 1989 டிசம்பரில் பிபிசி தொடரை நிறுத்தியது. 1996-இல் வான்கூவரில் எடுத்த தொலைக்காட்சிப் படம் அமெரிக்காவின் ஃபாக்ஸ் அலைவரிசையில் மே 14 அன்று வந்தது. பிரிட்டனில் சுமார் 90 லட்சம் பேர் பார்த்தது வெற்றி. அமெரிக்காவில் சுமார் 56 லட்சம் பேர் பார்த்தது தோல்வி. முடிவெடுக்கும் இடத்தில் அமெரிக்கப் பணம் இருந்ததால், தொடர் வரவில்லை. வெளிநாட்டுச் சந்தை ஒரு பிரிட்டிஷ் நிகழ்ச்சியைப் பிழைக்க வைக்கவும் முடியும், முடக்கவும் முடியும் என்பது அன்று தெரிந்தது.

2005 மார்ச் 26 அன்று தொடர் மீண்டும் தொடங்கியபோது கனடாவின் சிபிசி பத்து நாளில் பின்தொடர்ந்தது. அமெரிக்கா ஓராண்டு காத்திருந்தது. ஆனால் முதல் அத்தியாயம் ‘ரோஸ்’ ஒளிபரப்புக்குச் சில வாரம் முன்பே இணையத்தில் கசிந்திருந்தது. கனடாவுக்கு முன்பார்வைக்கு அனுப்பிய பிரதியே அதற்கு மூலம் என்று தெரியவந்தது. 2014-இலும் இதேபோல்: மொழிபெயர்ப்பு வசன வேலைக்காக மியாமிக்கு அனுப்பப்பட்ட, நீர்க்குறி பதித்த, முழுமை பெறாத கறுப்பு வெள்ளைப் பிரதிகளும் ஐந்து கதைகளின் எழுத்துப்படிகளும் வெளியே வந்தன. வெளிநாட்டுக்குப் போகும் பிரதி கைநழுவும் என்பது மாறவில்லை; நழுவும் வேகம்தான் மாறியது. ஜோஸ் நகர அலமாரிக்கு நாற்பது ஆண்டு, மியாமிக் கணினிக்குச் சில நாள்.

தாமதமே கசிவுக்குத் தூண்டுதல் என்று உணர்ந்த பிபிசி, இடைவெளியை மூட முனைந்தது. 2013 நவம்பர் 23 அன்று ஐம்பதாம் ஆண்டுக் கதையான ‘தி டே ஆஃப் த டாக்டர்’ 94 நாடுகளில் ஒரே நேரத்தில் காட்டப்பட்டு, கின்னஸ் சாதனையாகப் பதிவானது. லண்டனில் சனி இரவு 7.50; சிட்னியில் ஞாயிறு காலை 6.50. 2023 நவம்பரிலிருந்து பிரிட்டன், அயர்லாந்து தவிர்த்த உலகுக்கு டிஸ்னி பிளஸ் இத்தொடரின் இல்லமானது. 2024 மேயில் புதிய பருவம் அமெரிக்கக் கிழக்குக் கரையின் மாலை 7 மணிக்குப் பொருந்துமாறு வெளியானது. அந்த நேரம் பிரிட்டனில் நள்ளிரவு. சனி மாலைத் தொலைக்காட்சியில் குடும்பத்தோடு பார்த்துப் பழகியவர்கள், தங்கள் வரி போன்ற உரிமக் கட்டணத்தில் நடக்கும் நிகழ்ச்சி அமெரிக்கரின் கடிகாரத்துக்கு ஓடுகிறதே என்று முணுமுணுத்தார்கள்.

2025 அக்டோபர் இறுதியில் டிஸ்னியுடனான கூட்டு முடிந்தது என்று பிபிசி அறிவித்தது. அந்தக் கூட்டின் கடைசித் தயாரிப்பான ‘தி வார் பிட்வீன் த லேண்ட் அண்ட் த சீ’ என்ற கிளைத்தொடர் 2025 டிசம்பரில் பிரிட்டனில் ஒளிபரப்பானது. வெளிநாட்டு நேயர்களுக்கு அது 2026-இல்தான் என்று சொல்லப்பட்டது.